உயிர்த்தெழுதலை நிரூபிக்க முயன்ற ஒரு வாலிபர் கூட்டம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்தமிழகத்தின் ஒரு சிறுநகரில் உள்ள புராட்டஸ்டண்ட் சபையில் நடந்தது இது. அங்கே பிள்ளைகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றுவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு பெற்றோர் அன்று சொன்ன விசுவாசத்தைத் தங்கள் வாயாலேயே அறிக்கையிட்டு, பேராயரின் கையால் திடப்படுத்தல் பெற்று, அதன்பின் திருவிருந்தில் பங்குபெறுகிறார்கள். அதற்கான வகுப்பு, உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்களில் நடக்கும். திடப்படுத்தல் ஆராதனை உயிர்த்தெழுந்த பண்டிகைக்குச் சில வாரங்களுக்குப் பிறகு வரும்.

நான் அந்தச் சபையில் வேதபாடம் நடத்துகிறவன். பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் பொறியியல் இறுதியாண்டு மாணவர். விடுதியில் தங்கிப் படித்ததால் அவருடைய திடப்படுத்தல் தள்ளிப்போயிருந்தது. பாடகர் குழுவில் சிறுவயதிலிருந்தே பாடுகிறவர். தந்தை இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தாயும் பாட்டியும் அந்த ஆராதனைக்காகப் புதுச் சட்டைத் துணி எடுத்து வைத்திருந்தார்கள்.

விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாகப் படித்துவந்தபோது, “மூன்றாம் நாள் மரித்தோரிடத்திலிருந்து எழுந்தருளினார்” என்ற இடத்தில் அவர் நின்றுவிட்டார். வகுப்பு முடிந்ததும் குருவானவரிடம் தனியாகச் சென்று சொன்னார்: “ஐயா, இந்த வரி உண்மை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் பேராயர் முன்னால் நின்று சொன்னால் அது பொய். இந்த ஆண்டு என் பெயரை எடுத்துவிடுங்கள்.”

சபையை விட்டுப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போல் பாடகர் வரிசையில் நின்றார். ஆனால் செய்தி இரண்டே நாளில் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது.

முதல் கூட்டம்

வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் இதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். கணினித் துறையில் வேலை செய்கிறவர், ஓய்வுநாள் பள்ளியில் மூத்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். கிறிஸ்தவ விசுவாசத்தைத் தர்க்கத்தால் நிறுவும் ஆங்கிலப் பேச்சுகளை ஆண்டுக்கணக்காகக் கேட்டுக் குறிப்பெடுத்தவர். “உயிர்த்தெழுதல்: மறுக்க முடியாத ஆதாரங்கள்” என்று தலைப்பிட்டு ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தை அறிவித்தார். அந்த மாணவர் தம் கல்லூரித் தோழர்கள் இருவரை அழைத்து வந்தார். ஒருவர் சைவக் குடும்பத்தவர், மற்றவர் இஸ்லாமியர்.

செயலாளர் நன்றாகவே பேசினார். கல்லறை வெறுமையாக இருந்தது. ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சீஷர்கள் அத்தனை பேரும் மறுதலிக்க மறுத்து உயிரைக் கொடுத்தார்கள். பொய்க்காக யாரும் சாகமாட்டார்கள். எந்த நீதிமன்றமும் இந்தச் சாட்சியத்தை ஏற்றே தீரும் என்பது அவருடைய வாதம்.

மாணவரின் கேள்விகள் சுருக்கமாக இருந்தன. ஐந்நூறு பேரில் ஒருவருடைய பெயராவது தெரியுமா? பவுல் எழுதிய ஒரே ஒரு வசனத்தைத் தவிர வேறெங்காவது அந்த நிகழ்ச்சி இருக்கிறதா? நான்கு சுவிசேஷங்களில் ஒன்றிலும் இல்லையே, ஏன்? பன்னிருவரில் எத்தனை பேருடைய மரணத்துக்கு அந்தக் காலத்து எழுத்து இருக்கிறது?

செயலாளரிடம் விடை இல்லை. “நம்பிக்கையோடு வாசித்தால் புரியும்” என்றார். அதுவரை ஆதாரத்தைப் பற்றிப் பேசியவர் அந்த இடத்தில் நம்பிக்கைக்குத் தாவியதை எல்லாரும் கவனித்தார்கள்.

அப்போது சைவத் தோழர் கை உயர்த்தினார். அவருடைய குடும்பம் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு வடலூர் செல்லும் குடும்பம். “வள்ளலார் 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அவர் உடலை யாரும் காணவில்லை. இது நடந்து நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. உங்கள் சாட்சிகளை நான் ஏற்க வேண்டும் என்றால், எங்கள் சாட்சிகளை நீங்கள் ஏற்பீர்களா, அண்ணா?” என்று கேட்டார்.

“அது கட்டுக்கதை” என்றார் செயலாளர்.

தோழர் கோபப்படவில்லை. “எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லமாட்டார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூப்பர் ஒருவர் எழுந்து ஜெபம் செய்து கூட்டத்தை முடித்துவைத்தார்.

கேள்வி கேட்ட மாணவர் அன்று கலங்காமல் வீடு திரும்பினார். கலங்கியது செயலாளர். ஆலய வாசலில் வெகுநேரம் தனியாக நின்றிருந்தார். அவருடைய விசுவாசம் முழுவதும் அந்தப் பட்டியலின்மேல் நின்றிருந்தது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியவந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் ஆராதனைக்குப் பின் குருவானவர், இரண்டு மூப்பர்கள், நான் ஆகியோர் கூடிப் பேசினோம்.

முதலில் தீர்மானித்தது, அந்த மாணவரின் கேள்வியை நோயாகப் பார்க்கக் கூடாது என்பது. “அப்பா இறந்த துக்கத்தில் பேசுகிறான், தானாகச் சரியாகிவிடும்” என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துக்கம் இருந்தது உண்மை. ஆனால் துக்கத்தில் இருப்பவர் கேட்ட கேள்வி அதனாலேயே பொருளற்றதாகிவிடாது. கேள்விக்கு விடை சொல்லாமல் கேட்டவரின் மனநிலைக்கு மருந்து தேடுவது அவமதிப்பு. குருவானவர் இதைக் குடும்பத்தாரிடம் நேரில் சென்று எடுத்துச் சொன்னார். தாய் அழுதார். பாட்டி, “அவனைப் பொய் சொல்ல வைக்காதீர்கள் ஐயா” என்று சொன்னதாகக் குருவானவர் பிறகு என்னிடம் கூறினார்.

இரண்டாவதாக, திடப்படுத்தல் தேதியை முன்வைத்து எந்த நெருக்குதலும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஒரு தேதிக்குள் நம்பியாக வேண்டும் என்றால் நடிப்பு மட்டுமே கைகூடும்.

மூன்றாவது முடிவில் கருத்து வேறுபாடு இருந்தது. லெந்து காலத்தில் மீதமிருந்த சனிக்கிழமை மாலைகளில் பேச்சாளர் இல்லாமல், மூல வசனங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் பேசலாம் என்றேன். ஒரு கூற்றை முன்வைப்பவர் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். பிற சமயத் தோழர்கள் வரலாம். அவர்களை மதம் மாற்றும் பேச்சு இருக்கக் கூடாது. அவர்களுடைய நம்பிக்கைக்கு வைக்கும் அளவுகோலையே நம்முடையதற்கும் வைக்க வேண்டும். மூப்பர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். “சந்தேகத்தை நாமே விதைப்பதா?” என்பது அவருடைய கேள்வி. குருவானவர் மத்தேயு 28:17ஐ எடுத்து வாசித்தார். உயிர்த்தெழுந்தவரைக் கலிலேயாவின் மலையில் கண்ட பதினொருவரைப் பற்றிய வசனம் அது: பணிந்துகொண்டார்கள், “சிலரோ சந்தேகப்பட்டார்கள்.” அந்தச் சிலரை மத்தேயு மறைக்கவில்லை, மலையிலிருந்து யாரும் அவர்களை இறக்கிவிடவும் இல்லை என்றார். மூப்பர் சம்மதித்தார், ஆனால் தாமும் எல்லா மாலைகளிலும் உட்காருவேன் என்ற நிபந்தனையோடு. சொன்னபடியே உட்கார்ந்தார்.

இன்னொன்றையும் அன்றே பிரித்துவைத்தோம். “இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது நம்பத்தக்கதா?” என்பது ஒரு கேள்வி. “அது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அடிப்படையாகுமா?” என்பது வேறு கேள்வி. முதல் கூட்டம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தது.

பவுலின் பட்டியல்

சுவிசேஷங்களைவிட முந்திய எழுத்து என்பதால் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கினோம். பவுல் அந்தக் கடிதத்தை எபேசுவில் இருந்தபோது, ஏறக்குறைய கி.பி. 53–55 அளவில் எழுதினார். இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33 என்று கொண்டால், இடைவெளி இருபது ஆண்டுகளைச் சற்றே கடக்கிறது. அதிலும் “நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்” என்று சொல்லித்தான் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலைத் தருகிறார். பிறரிடமிருந்து பெற்றதைச் சொல்கிறார். கலாத்தியர் முதல் அதிகாரத்தில், தாம் எருசலேமுக்குச் சென்று பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும் இயேசுவின் சகோதரன் யாக்கோபைக் கண்டதையும் குறிப்பிடுகிறார். ஆகவே பட்டியலின் சாரம் சிலுவை மரணத்துக்குச் சில ஆண்டுகளுக்குள் உருவானது என்பதை, உயிர்த்தெழுதலை நம்பாத ஆய்வாளர்கள் பலரும் ஏற்கிறார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் லூடெமான் உயிர்த்தெழுதலை முற்றிலும் மறுத்தவர். அவரே கூட, இயேசு இறந்தபின் பேதுருவும் மற்றவர்களும் அவரைக் கண்டதாக அனுபவம் பெற்றார்கள் என்பதை வரலாற்று உண்மையாக ஒப்புக்கொண்டார். அவர் அதைத் துக்கத்தில் எழுந்த மனக்காட்சி என்று விளக்கினார்.

இதைக் கேட்டு மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிற்காலத்தில் மெல்ல வளர்ந்த புராணம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த எண்ணத்தை அன்று கைவிட்டார். ஆனால் இன்னொன்றைச் சரியாகப் பிடித்தார்: பவுல் தமஸ்கு வழியில் தமக்குக் கிடைத்த காட்சியையும் பேதுருவுக்குக் கிடைத்ததையும் ஒரே வரிசையில் வைக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளின்படி பவுல் கண்டது ஒளி, கேட்டது குரல். அப்படியானால் மற்றவர்கள் கண்டது என்ன?

இதுவரை வாய் திறக்காத ஒரு கல்லூரி மாணவி, “இந்தப் பட்டியலில் மரியாள் ஏன் இல்லை?” என்று கேட்டார். கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு, அப்போஸ்தலர், கடைசியில் பவுல். பெயர் சொல்லி ஒரு பெண்ணும் இல்லை. நான்கு சுவிசேஷங்களிலுமோ கல்லறைக்கு முதலில் போகிறவர்களில் மகதலேனா மரியாள் இருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு பெண்கள் பேசத் தொடங்கினார்கள். உரையாடலின் தரமும் அன்றிலிருந்து உயர்ந்தது என்பது என் கணிப்பு.

நான்கு கல்லறைகள்

அடுத்த மாலை நான்கு சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். இப்படி வாசிப்பது பலருக்கு வாழ்நாளில் முதல் முறை. பண்டிகைப் பிரசங்கங்களில் நான்கும் கலந்து ஒரே கதையாகத்தான் நம் காதில் விழுகின்றன.

மாற்குவில் மூன்று பெண்கள், வெள்ளை அங்கி அணிந்த ஒரு வாலிபன். மத்தேயுவில் இரண்டு மரியாள்கள், பூமியதிர்ச்சி, கல்லின்மேல் உட்காரும் தூதன், காவலர்கள். லூக்காவில் ஒரு பெண்கள் கூட்டம், இரண்டு பேர். யோவானில் இருட்டோடே வரும் மகதலேனா மரியாள். மத்தேயுவின்படி சீஷர்கள் கலிலேயாவில் காண்கிறார்கள். லூக்காவிலோ எருசலேமிலேயே காண்கிறார்கள். நகரத்தை விட்டுப் போகாதிருங்கள் என்றும் கட்டளை பெறுகிறார்கள். காவலர் கதை மத்தேயுவில் மட்டும் இருக்கிறது. பரிசுத்தவான்கள் பலர் கல்லறைகளிலிருந்து எழுந்து நகரத்தில் பலருக்குக் காணப்பட்டார்கள் என்பதும் மத்தேயுவில் மட்டுமே. அது உண்மையில் நடந்திருந்தால் மற்ற மூவரும் விட்டிருப்பார்களா என்ற மாணவரின் கேள்விக்கு யாரும் மழுப்பாமல் இருந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

மாற்கு 16ஆம் அதிகாரம் நம் வேதாகமத்தில் 20 வசனங்கள். ஆனால் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் அது 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு சரி. இதை நான் சொன்னபோது நிபந்தனையோடு வந்து உட்கார்ந்திருந்த மூப்பரின் முகம் வாடியது. “இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை?” என்று கேட்டார். எழுபது வயதைக் கடந்தவர். ஏமாற்றப்பட்டவரின் வலி அந்தக் கேள்வியில் இருந்தது. வேதாகமக் கல்லூரிகளில் பல தலைமுறைகளாகச் சாதாரணப் பாடமாக இருக்கும் ஒன்றை மக்களிடமிருந்து ஒளித்து வைப்பதை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்தமாட்டேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் அதே கவனத்தோடு பார்த்தோம். நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இட்டுக்கட்டியிருந்தால் இத்தனை முரண் இருக்காது. பெண்களை முதல் சாட்சிகளாக வைப்பது அந்தக் காலத்தில் வாதத்துக்கு உதவாது. பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கிய கெல்சஸ், பித்துப்பிடித்த ஒரு பெண்ணின் பேச்சு என்றே இதைக் கேலி செய்தார். சிலுவையில் இறந்தவர்களை ரோமர்கள் அடக்கம் செய்யவே விடமாட்டார்கள் என்ற வாதமும் வந்தது. 1968இல் எருசலேமில் ஒரு குடும்பக் கல்லறையில் கிடைத்த எலும்புப் பெட்டியில், குதிகால் எலும்பில் ஆணி பாய்ந்தபடியே ஒருவரின் எச்சம் இருந்தது. சிலுவையில் இறந்த ஒருவரைக் குடும்பத்தார் முறைப்படி அடக்கம் செய்ய முடிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. எல்லாருக்கும் அப்படி வாய்த்தது என்பதற்குச் சான்றாகாது.

சீஷர்களின் மரணங்களை வேகமாகவே கடந்தோம். செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது கொன்றதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இயேசுவின் சகோதரன் யாக்கோபு கி.பி. 62 அளவில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை ஜொசிபஸ் எழுதுகிறார். பேதுரு, பவுல் பற்றிய மரபும் பழமையானது. மற்றவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிந்திய மரபுகள். நம் மண்ணோடு தொடர்புடைய தோமாவின் கதையும் அப்படித்தான். அவருடைய மரணத்தைச் சொல்லும் பழைய நூல் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்ற மரபை நான் மதிக்கிறேன். வழக்காடுவதற்கான சான்றாக அதை வைக்கமாட்டேன்.

மேட்டுக்குப்பம்

சைவத் தோழரின் கேள்விக்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்கினோம். அவரையே பேசச் சொன்னோம். “கட்டுக்கதை” என்ற சொல்லுக்காகச் செயலாளர் முதலில் மன்னிப்புக் கேட்டார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை.

தோழர் தயாரித்து வந்திருந்தார். 1874 ஜனவரி 30, தைப்பூச நாள். இராமலிங்க அடிகள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்றார். பிறகு அவரை யாரும் காணவில்லை. அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது அறை வெறுமையாக இருந்தது என்று வள்ளலாரைப் பின்பற்றும் சன்மார்க்க அன்பர்கள் சொல்கிறார்கள். 1906இல் வெளியான தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரோ (அரசு விவரத் தொகுப்பு) அறை இன்னும் பூட்டியே இருப்பதாக எழுதுகிறது. இந்த வேறுபாட்டையும் அவரே எடுத்துச் சொன்னார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள், அச்சும் அரசு ஆவணமும் இருந்த காலத்திலேயே விவரங்கள் இரண்டு விதமாகப் போயிருக்கின்றன என்றால், கல்லறைக் கதைகளின் வேறுபாடுகளில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்றார். எங்களில் யாரும் யோசிக்காத கோணம் அது.

ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் டேவிட் ஹியூம் 1748இல் எழுப்பிய வாதத்தை இந்த இடத்தில் நான் விளக்கினேன். ஓர் அற்புதத்தைச் சொல்லும் சாட்சி பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அதிசயமாக இருந்தால்தான் அதை நம்பலாம் என்றார் ஹியூம். ஒவ்வொரு சமயத்தின் அற்புதமும் மற்றதன் சாட்சியைப் பலவீனப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். அவரைப் படிக்காமலேயே தோழர் அதே கேள்வியை முதல் நாளில் கேட்டிருந்தார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளையும் பேசினோம். வள்ளலார் மரணமிலாப் பெருவாழ்வைப் போதித்தவர். அவர் மறைந்ததை அன்பர்கள் அந்தப் போதனையின் நிறைவாகவே கண்டார்கள். இயேசுவின் சீஷர்களுக்கு அப்படிப்பட்ட ஆயத்தம் குறைவு. மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது அவர்களுடைய நியாயப்பிரமாணம். உயிர்த்தெழுதலை நம்பிய யூதர்கள் அதைக் கடைசி நாளில் எல்லாருக்கும் நேர்வதாகவே எதிர்பார்த்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும், அதுவும் சிலுவையில் இறந்தவர், எழுந்திருப்பார் என்று எதிர்பார்க்கத் தூண்டும் மரபு அவர்களிடம் இல்லை. இந்த வாதத்துக்கு எடை உண்டு என்று நான் இன்றும் கருதுகிறேன். தோழரும் அதை ஏற்றார். எதிர்பாராதது என்பதாலேயே உண்மையாகிவிடாது என்றும் சொன்னார்.

இறுதியில் அவர் சொன்னதுதான் பலருடைய மனத்தில் நின்றது. “எங்கள் வீட்டில் யாரும் பூட்டிய அறையை ஆதாரமாகக் காட்டி வாதாடுவதில்லை. வடலூரில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். அதைத்தான் காட்டுவார்கள்.”

இஸ்லாமியத் தோழர் அன்று சுருக்கமாகப் பேசினார். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின்படி ஈசா நபி கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை என்பது தம் நம்பிக்கை. ஆகவே தமக்கு இந்த விவாதம் ஒரு படி முன்னதாகவே முடிந்துவிடுகிறது என்றார்.

அடிப்படையாகுமா?

கடைசி மாலையில்தான் இரண்டாவது கேள்விக்கு வந்தோம். மூன்று நிலைகளை எடுத்துக்கொண்டோம்.

பின்காஸ் லாப்பிடே என்ற யூத அறிஞர் 1970களில், இயேசு உயிர்த்தெழுந்தது உண்மையில் நடந்த நிகழ்ச்சியே என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் கிறிஸ்தவராகவில்லை, இஸ்ரவேலின் மேசியாவாக இயேசுவை ஏற்கவும் இல்லை. செயலாளர் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். நிகழ்ச்சியை நிரூபித்துவிட்டால் விசுவாசம் தானாக வந்துவிடும் என்று அவர் எண்ணியிருந்தார்.

மறுபக்கத்தில் காந்தி. இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை என்று யாராவது நிரூபித்தாலும் மலைப்பிரசங்கம் தமக்கு உண்மையாகவே இருக்கும் என்றவர் அவர். மாணவர் தம் நிலையும் இதற்கு நெருக்கமானது என்றார்.

நடுவில் பவுல்: “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா.” காந்தியின் வழியைப் பவுல் அடைத்துவிடுகிறார். கிறிஸ்தவம் போதனை மட்டுமல்ல. தேவன் ஒரு குறிப்பிட்ட மனிதரை, குறிப்பிட்ட காலத்தில் மரணத்திலிருந்து எழுப்பினார் என்ற செய்தி. அது நடக்கவில்லை என்றால் நாங்கள் பொய்ச்சாட்சிகள் என்று பவுலே சொல்லிவிடுகிறார். பொய்யாகிப்போகக்கூடிய ஒன்றின்மேல் தன் முழு எடையையும் வைத்திருக்கும் மார்க்கம் இது. அந்த நேர்மையை நான் நேசிக்கிறேன்.

ஆனால் எடையை ஒன்றின்மேல் வைப்பது வேறு, அதை நிரூபித்துவிட்டேன் என்பது வேறு. வரலாறு எனக்குச் சிலவற்றை உறுதியாகத் தருகிறது: இயேசு ரோம ஆளுநர் பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் மரித்தார், அவர் எழுந்தார் என்று அவரைச் சேர்ந்தவர்கள் மிக விரைவிலேயே உறுதியாக நம்பினார்கள், அவர்களைத் துன்புறுத்திய பவுல் மாறினார், இயேசு உயிரோடு இருந்தபோது அவரை நம்பாத சகோதரன் யாக்கோபு எருசலேம் சபையின் தலைவராகி, உயிரையும் கொடுத்தார். வெறுமையான கல்லறையை நான் ஏற்கிறேன், ஆனால் அங்கே நியாயமான மறுப்புக்கு இடம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் காரணம் தேவன் செய்த செயல் என்று சொல்லும் இடத்தில், தேவன் உண்டு, அவர் இப்படிச் செய்யக்கூடியவர் என்ற நம்பிக்கையோடுதான் நான் வருகிறேன். அந்த நம்பிக்கை இல்லாத ஒருவர் இதே சான்றுகளிலிருந்து வேறு முடிவுக்கு வந்தால் அவரை மூடர் என்றோ கடின இருதயம் கொண்டவர் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதை அந்த மாலையில் வெளிப்படையாகச் சொன்னேன்.

அன்று மாணவரின் பாட்டியும் வந்திருந்தார். கணவரையும் மகனையும் அடக்கம் செய்த நாட்களில், குழியின் ஓரத்தில் வாசித்த “நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்பியதாகச் சொன்னார். “எனக்குச் சாட்சி ஐந்நூறு பேர் இல்லை தம்பி. அந்த வார்த்தைதான்.” செயலாளரைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார், பேரனைப் பார்த்து அல்ல.

பின்விளைவுகள்

பேராயர் வந்த நாளில் மாணவர் திடப்படுத்தல் பெறவில்லை. பாடகர் வரிசையில் நின்று, தம்மோடு படித்தவர்களுக்காகப் பாடினார். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் விடுமுறைகளில் வருகிறார், வேதபாடத்தில் உட்காருகிறார். உயிர்த்தெழுதல் நடந்திருக்கக் கூடியதே என்று இப்போது நினைப்பதாகவும், அதன்மேல் வாழ்க்கையை வைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்றும் சொல்கிறார். இதை எழுதும் வரை திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

செயலாளருக்கு அந்த ஆண்டு கடினமாக இருந்தது. பொறுப்பை விட்டு விலகினார், ஓய்வுநாள் பள்ளி வகுப்பையும் நிறுத்தினார். தூக்கம் கெட்டதாகவும் ஜெபிக்க முடியவில்லை என்றும் குருவானவரிடம் சொன்னார். அவர்கள் இருவரும் வாரந்தோறும் சந்தித்தார்கள். வாதம் எதுவும் இல்லை. சங்கீதங்களை மட்டும் சேர்ந்து வாசித்தார்கள். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் வகுப்புக்குத் திரும்பினார். இப்போது மூத்த பிள்ளைகளுக்கு நான்கு சுவிசேஷங்களின் வேறுபாடுகளை அவரே கற்பிக்கிறார்.

ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. சபையில் சந்தேகத்தைக் கற்பிக்கிறார்கள் என்பது அவர்களுடைய மனக்குறை. குருவானவர் நேரில் போய்ப் பேசியும் மனம் மாறவில்லை. அது ஓர் உண்மையான இழப்பு. அவர்கள் மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்கள்.

அடுத்த தைப்பூசத்துக்குச் சைவத் தோழரின் குடும்பம் எங்கள் இளைஞர்களை வடலூருக்கு அழைத்தது. சிலர் போனார்கள். சில வீடுகளில் தடுத்துவிட்டார்கள். போய் வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதோடு, பரிமாறவும் செய்தார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

திடப்படுத்தல் வகுப்பின் பாடத்திட்டத்தை மாற்றியிருக்கிறோம். நான்கு சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களைத் தனித்தனியாக வாசிப்பதும், மாற்குவின் முடிவு பற்றிய செய்தியும், 1 கொரிந்தியர் 15இன் காலமும் இப்போது வகுப்பிலேயே வருகின்றன. இவற்றைப் பிள்ளைகள் முதன்முதலில் ஒரு எதிர்ப்பாளரின் காணொளியில் கேட்கும் நிலை இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கும் இதே பாடம் வேண்டும் என்று அந்த மூப்பர் வற்புறுத்தியதால் ஞாயிறு காலையிலும் ஒரு வகுப்பு தொடங்கியது.

“மறுக்க முடியாத” என்ற சொல்லை இனி எந்தத் தலைப்பிலும் போடுவதில்லை.

அழைக்கப்படும் பிற சமயத் தோழர்களிடம் கூட்டத்தின் விதிகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கும் பேச நேரம் உண்டு என்பதையும் தெரிவிக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் இது தற்செயலாக அமைந்தது, அந்த இளைஞரின் பொறுமையால் காப்பாற்றப்பட்டது. இன்னொரு முறை அந்தப் பொறுமையை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

பெண்களுக்கெனத் தொடக்கத்திலேயே ஒரு சிறுகுழு இருந்திருந்தால் மரியாளைப் பற்றிய கேள்வி முன்னரே வந்திருக்கும். இந்த ஆண்டு அப்படி ஒன்றை அமைத்திருக்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியே அதை நடத்துகிறார்.

மேய்ப்பரின் கவனிப்பு கேள்வி கேட்பவர்களுக்கு மட்டும் என்று நின்றுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தயாராக விடை வைத்திருப்பவரையும் குருவானவர் இப்போது தனியாகச் சந்திக்கிறார், அவர் தடுமாறும்வரை காத்திருக்காமல்.